கடிகாரம் நின்றதால் பிழைத்த கண்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதம். கிளிநொச்சி ஸ்கந்தபுரத்தில் பெரும்போக அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். அப்போது ஒருநாள் இரவு எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. இதையெல்லாம் ஓர் அனுபவம் என்று எழுத வந்துவிட்டாளா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்தக் கடிகாரம் அன்றைக்கு ஒழுங்காக ஓடியிருந்தால், என் கணவருக்கு இன்று பகலும் இரவும் ஒன்றாக இருந்திருக்கும்.

என் கணவருக்கு ஒரு கண்தான். இடது கண்ணை யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒரு செல் குண்டின் துண்டு கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டே உழுவார், விதைப்பார், லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுவார். யாருடைய வயலில் யாருடைய மாடு நிற்கிறது என்று ரோட்டில் நின்றபடியே சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்கு ஒரு வடை கூட விழுந்தால் அதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

அந்தக் கண்ணிலும் வெள்ளை படரத் தொடங்கியது. வயதானால் பலருக்கும் வருகிற கண்புரைதான். இவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. நோய், நோவு எதையும் வாய் திறந்து சொல்லாத பிறவி. ஒருநாள் பின்னேரம் வாசல் படலையடியில் நின்ற என்னைப் பார்த்து, “ஆரது? உள்ளுக்கு வாங்கோவன்” என்றார். முப்பது வருடம் சமைத்துப் போட்ட என்னைத்தான். அடுத்த கிளினிக் நாளே இழுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். சட்டுச் சட்டென்று கதைப்பார், கதைக்கிறபோது நேராக நம் முகத்தைப் பார்ப்பார். இவரின் கண்ணை நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, மற்ற ஆக்களுக்கு ஸ்பெயார் ரயர் ஒண்டு இருக்கு. உங்களுக்கு அது இல்லை. நான் கூடக் கவனமாச் செய்வன். நீங்களும் சொன்னபடி கேக்கவேணும்.”

“நான் எப்பவும் சொன்னபடி கேக்கிறனான்” என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் கட்டை அவிழ்த்ததும் இவர் சொன்ன முதல் வசனம், “உமக்கு எப்ப இவ்வளவு நரை விழுந்தது?” என்பது. பார்வை திரும்பிவிட்டது என்று எனக்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வீட்டுக்கு அனுப்புமுன் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவரைப் பார்த்த இரண்டு தரத்திலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று பிடித்துவிட்டார் போல.

“அம்மா, உங்களுக்கு ஒரு வேலை தாறன். ஒவ்வொரு நாளும் காலமை இவரை ஒரே கதிரையில இருத்தி, ஒரே சாமானைப் பார்க்கச் சொல்லுங்கோ. நேற்றுத் தெரிஞ்சது இண்டைக்குத் தெரியேல்லை எண்டால், கண் நொந்தால், சிவந்தால், கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்காதேங்கோ. அப்படியே கூட்டிக்கொண்டு வாங்கோ.”

எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். மிக அரிதாகச் சிலருக்குக் கண்ணுக்குள்ளேயே கிருமி போய்விடும் என்றார். வெளியே விடுகிற சொட்டு மருந்தோ, விழுங்குகிற குளிசையோ அங்கே போதிய அளவு போய்ச் சேராதாம். பிந்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே பார்வை போய்விடக்கூடுமாம். “பயப்படுத்தச் சொல்லேல்லை. அனேகமா வராது. ஆனா வந்தால் நீங்கள்தான் முதல்ல கண்டுபிடிக்கவேணும்” என்று சொல்லி, நோவு, சிவப்பு, மங்கல் என்று என் வாயால் ஒருமுறை சொல்லவும் வைத்தார். எதைப் பார்க்கச் சொல்லப் போகிறேன் என்றும் கேட்டார். சுவர்க் கடிகாரம் என்றேன். நல்லது, முள்ளைப் பார்த்து நேரத்தைச் சொல்லட்டும் என்றார்.

எங்கள் வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பால் காய்ச்சிக் குடிபுகுந்தபோது யாரோ தந்த, பிள்ளையார் படம் போட்ட கடிகாரம் அது. அலுமாரிக்கு மேலே தொங்கும். எதிர்ப்பக்கச் சுவரோரம் கதிரையைப் போட்டேன். காலையில் முகம் துடைத்து, மருந்து விட்டு, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, “இஞ்சேருங்கோ, என்ன நேரம்?” என்று கேட்பேன். இவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மணியையும் நிமிடத்தையும் ஒப்புவிப்பார். முதல் சில நாட்கள் அப்படியே போயின.

அந்த நேரம் பார்த்து எங்கள் வயலுக்கு நெல் வெட்டும் மெசினின் முறை வந்தது. கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் விளையும். மெசினோ ஊருக்கு இரண்டு மூன்றுதான் வரும். முறை தவறினால் திரும்ப எப்போது என்று மெசின்காரருக்கே தெரியாது. அந்த வருடம் வானமும் இருண்டு இருண்டு பயம் காட்டிக்கொண்டிருந்தது. விளைந்த நெல் ஒரு மழையில் படுத்துவிட்டால் முளைத்துவிடும். மெசின் நாளைக்கு வரும் என்று தகவல் வந்ததிலிருந்து இவர் வீட்டுக்குள்ளேயே குட்டி போட்ட பூனையாகத் திரிந்தார். அன்று காலை நேரம் கேட்டபோது பதில் வரக் கொஞ்சம் சுணங்கியது. ஆனால் சரியாகச் சொன்னார். மனுசனுக்கு மெசின் யோசனை என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் வானம் மூடிக் கிடந்தது. தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன். பதில் இல்லை. குடித்துவிட்டுச் சொல்கிறாராக்கும் என்று குசினிக்குள் போனேன். அப்போது பாணும் பணிசும் விற்கிற பாண் ஓட்டோ ரோட்டில் போனது. உங்கள் ஊரிலும் வரும்தானே, ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு. எங்கள் ஒழுங்கைக்கு அது வரும் நேரம் பிசகுவதே இல்லை.

பாட்டு எங்கள் படலையைத் தாண்டவும் இவரின் குரல் வந்தது. “ஆறே முக்கால்!”

நான் ஏதோ எடுக்க வெளியே வந்தவள், தற்செயலாகக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். இரண்டே கால் காட்டிக்கொண்டிருந்தது. இரவே பற்றரி முடிந்துபோயிருக்க வேண்டும். செக்கன் முள் மட்டும் போக வழியில்லாமல் ஒரே இடத்தில் நின்று துடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. முள்ளைப் பார்த்திருந்தால் இவர் இரண்டே கால் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

“வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ.”

“ஆறே முக்கால் எண்டு சொல்லுறன்தானே. காது கேக்கேல்லையோ?”

கிட்டப் போய் முகத்துக்கு நேரே கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டேன். இவர் முன்னால் குனிந்தார். பிறகு சின்னக் குரலில், “கை அசையிறது தெரியுது. விரல் தெரியேல்லை” என்றார்.

யன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். இமை தடித்திருந்தது. வெள்ளைவிழி செவ்வரத்தம்பூப் போலச் சிவந்திருந்தது. முந்தின நாள் விடியவே கண் மங்கலாக இருந்ததாம். பின்னேரம் நோவும் தொடங்கியதாம். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். பக்கத்தில் படுத்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கேட்டால், “மெசின் வந்திட்டுப் போகட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்” என்கிறார். இரண்டு காலையும் பாண் ஓட்டோவின் பாட்டைக் கேட்டுத்தான் நேரம் சொல்லியிருக்கிறார்!

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அதை இங்கே எழுத முடியாது. சத்தம் கேட்டு ஓடிவந்த என் மச்சாள், வெட்டுக் காலத்துச் சூடுதான் கண்ணில் இறங்கியிருக்கிறது, தாய்ப்பால் இரண்டு துளி விட்டால் குளிர்ந்துவிடும் என்றா. ஒழுங்கையில் பிள்ளை பெற்ற வீட்டையும் தானே சொன்னா. நல்ல மனம்தான். ஆனால் என் காதில் நோவு, சிவப்பு, மங்கல் என்று டொக்டர் சொல்ல வைத்த மூன்றும் இரைந்துகொண்டிருந்தன. இவரிடம் மூன்றும் இருந்தன. ரோட்டுக்கு ஓடி, திரும்பி வந்துகொண்டிருந்த பாண்காரரை மறித்தேன். அவர் பாட்டை நிற்பாட்டிவிட்டுத் தனக்குத் தெரிந்த ஓட்டோக்காரருக்குப் போன் எடுத்தார். போகும் வழியெல்லாம் இவர் “மெசின், மெசின்” என்றபடியே வந்தார். வயல் பக்கம் திரும்பிப் பார்க்கவும் கண் தெரியாது, ஆனாலும் தலை அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. கோபம் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரே மூச்சில் சொன்னேன். ஒற்றைக் கண், போன கிழமை சத்திரசிகிச்சை செய்த கண், இப்போது தெரியவில்லை. வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. நேரே உள்ளே கூட்டிப் போனார்கள்.

நாடியையும் நெற்றியையும் வைத்துப் பார்க்கிற கருவிக்கு முன்னால் இவரை இருத்தி டொக்டர் பார்த்தார். அவர் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவே இல்லை. ஆனால் எழும்பும்போதே நேர்ஸிடம் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டுமென்று சொல்லத் தொடங்கிவிட்டார். கண்ணின் முன்பக்கத்தில், கீழே, வெள்ளையாகச் சீழ் படிந்திருந்ததாம்.

“அம்மா, நான் சொன்ன அந்தக் கிருமிதான். உள்ளுக்குப் போயிட்டுது. கண்ணுக்குள்ள இருந்து ஒரு துளித் தண்ணி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவன். ஆனா முடிவு வரும்வரைக்கும் காத்திருக்க மாட்டன். அதே இடத்தில இப்பவே மருந்து ஏத்தப் போறன்.”

“கண்ணுக்குள்ளயோ ஊசி?” என்று கேட்டேன்.

செல் மழைக்குள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஓடின மனுசன், ஊசி என்றதும் என் கையைப் பிடித்த பிடியில் என் காப்பு நெளிந்துவிட்டது. டொக்டர் அதைக் கண்டுவிட்டு, கண்ணை விறைக்கப் பண்ணித்தான் போடுவேன், நீங்கள் நினைக்கிற அளவுக்கு நோகாது என்று ஆறுதலாகச் சொன்னார். வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் சொன்னேன். பாதியில் வரிகள் மறந்துபோயின. இன்னொரு தேவாரத்துக்குத் தாவினேன்.

முடிந்து வெளியே வந்த டொக்டரிடம், பார்வை திரும்புமா என்று கேட்டேன். எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் என் பக்கத்தில் வாங்கில் வந்து உட்கார்ந்தார்.

“தெரியாதம்மா. உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். இண்டைக்கே கொண்டு வந்தது பெரிய காரியம். மருந்துக்கு அடங்கினால் நல்லது. அடங்காட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உள்ளுக்கு இருக்கிற பழுதைக் கழுவி எடுக்கவேணும். அங்க கதைச்சு வைச்சிருக்கிறன். அம்புலன்சும் ஆயத்தமா இருக்கு.”

தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல் ஏன் எனக்கு அவ்வளவு தெம்பைத் தந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எதையும் மறைக்காத ஒருவரின் கையில் இவர் இருக்கிறார் என்ற நிம்மதியாக இருக்கலாம்.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அப்படியே எழும்பிப் போய், இவரோடு ஒரே நாளில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எல்லோருக்கும் போன் எடுக்கத் தொடங்கினார். கதவு திறந்திருந்தது, எனக்குக் கேட்டது. “ஐயா, கண் நோகுதோ? இல்லையோ? நல்லது. எதுக்கும் இண்டைக்கே ஒருக்கா வாங்கோ, நான் பார்க்கவேணும்... ஓம், பயப்பிட ஒண்டுமில்லை.” ஒரு வீட்டில் போன் எடுக்கவில்லை. அவர் திரும்பத் திரும்ப முயன்று, கடைசியில் அந்த ஊர்க் கிராம அலுவலர் மூலம் ஆளைப் பிடித்தார். பின்னேரம் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் அரிதாக இப்படி வருவதுண்டு, ஆனாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் பிழை உண்டோ என்றுதான் முதலில் தேடிப் பார்க்கவேண்டும் என்று நேர்ஸிடம் அவர் சொன்னதும் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி மேசையில் திறக்காமலே கிடந்தது. அந்த டொக்டர் பிள்ளையைப் பெற்ற தாய் எங்கே இருக்கிறாவோ, அவாவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டொக்டர் பிறகு ஆறுதலாகக் கேட்டார். கடிகாரம் நின்ற கதையையும் பாண் ஓட்டோவையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கட்டிலடிக்குப் போனார். இவர் ஏச்சு விழப்போகிறது என்று சுருண்டு படுத்திருந்தார்.

“எங்கட அப்பாவும் கமக்காரர்தான், ஐயா. மெசின் முறை எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். ஆனா நெல்லு அடுத்த போகமும் விளையும். இனி ஒளிக்காதேங்கோ.”

இவ்வளவுதான். நான் கத்தின கத்தலுக்கு அசையாத மனுசன், அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டு அழுதார்.

அடுத்த நாள் கண் இன்னும் மோசமாக இருந்தது. கை அசைவதுகூடச் சரியாகத் தெரியவில்லை. முதலில் கொஞ்சம் கூடிவிட்டுத்தான் இறங்கும், பார்ப்போம் என்றார் டொக்டர். காலை, மத்தியானம், பின்னேரம் என்று வந்து வந்து பார்த்தார். ஆய்வுகூட முடிவு வந்ததும் அதற்கேற்ற மருந்தை மறுபடியும் கண்ணுக்குள் ஏற்றினார். அவருக்கு லீவு நாளாம் அது. வீட்டு உடுப்போடு வந்திருந்தார். யாரும் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. நேர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் பக்கத்து வயல்காரர் போன் எடுத்தார். எங்கள் முறையை விட்டுக்கொடுக்காமல் தானே நின்று வெட்டுவித்து, நெல்லை மூட்டை கட்டி எங்கள் விறாந்தையில் அடுக்கிவிட்டாராம். மழை அன்றிரவுதான் பெய்ததாம். இவரிடம் சொன்னேன். “அப்ப நான் ஒளிச்சது சும்மாதான்” என்றார். ஓம், சும்மாதான் என்றேன்.

இரண்டாவது மருந்து ஏற்றின பிறகு, ஒருநாள் காலை. வாட்டில் சாப்பாடு கொடுத்து முடிந்திருந்தது. டொக்டர் வந்தார். கட்டிலுக்குக் கிட்ட வரும்போது தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, அதன் திருகைத் திருகினார். பிறகு அதை இவரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“ஐயா, என்ன நேரம்?”

இவர் கண்ணைச் சுருக்கினார். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் எட்டிப் பார்த்தார்.

“நாலே கால்...” என்று இழுத்தார். “ஆனா டொக்டர், அதெப்பிடி? இப்பதானே காலமைச் சாப்பாடு தந்தவை? உங்கட மணிக்கூடு பிழையா ஓடுது.”

பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். டொக்டரும் சிரித்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கடிகாரத்தைத் திரும்பக் கட்டினார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

முழுப் பார்வையும் திரும்பியது என்று சொல்லமாட்டேன். ஊசியில் நூல் கோர்க்க முடியாது. லாண்ட்மாஸ்டரைப் பக்கத்து வயல்காரர்தான் ஓட்டுகிறார். ஆனால் வரம்பில் தனியாக நடக்கிறார், ஆளை முகம் பார்த்து அடையாளம் சொல்கிறார், என் நரையைப் பற்றி இப்போதும் வாய் ஓயவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்துக்குப் புதுப் பற்றரி போட்டேன். ஆனால் இன்றுவரை அது சரியான நேரம் காட்டியதில்லை. இவர் எழும்புமுன் கதிரையில் ஏறி, முள்ளை எனக்குத் தோன்றின இடத்துக்குத் திருப்பிவிடுகிறேன். அந்தக் கடிகாரத்தை நம்பி பஸ்ஸைத் தவறவிட்ட விருந்தாளிகள் உண்டு. ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்ல நேரம் இருப்பதில்லை.

இன்று காலையும் கேட்டேன். ரோட்டில் பாண் ஓட்டோ பாடிக்கொண்டு போக, இவர் அதைக் காதில் வாங்காமல் சுவரைப் பார்த்து, “பதினொண்டு இருபது” என்றார். அப்படி இவர் பிழையான நேரத்தைச் சரியாக வாசிக்கிற ஒவ்வொரு காலையும், திறக்காத சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஊரெல்லாம் போன் எடுத்துக்கொண்டிருந்த அந்த டொக்டரை நினைத்து, மனதுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் நான் அடுப்பை மூட்டப் போகிறேன்.